கண்மாய்ச் சிப்பியும் நானோ மருந்துகளும்

இராமநாதபுரம் ஜில்லாவில் வருஷம் முழுவதும் ஓடும் நதி ஒன்றும் இல்லை. வைகையானது மதுரையைக் கடந்தபின் வழியிலுள்ள கண்மாய்களுக்கெல்லாம் ஜலம் ஈந்து, எஞ்சியதை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்த்து, மிகுவெள்ளம் உள்ள காலத்தில் மட்டும் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் கடலிற் கலக்கின்றது. நாற்பத்தெட்டு மடைகளை உடையதென்று பெயர்பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாய் முதல், ஊர் ஓரத்துச் சிற்றூரணி ஈறாக, இந்நாட்டு நீர்நிலைகள் யாவற்றிற்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. உள்ளே வந்தது எளிதில் வெளியே போவதில்லை என்பதே அது. மறுகால் பாயும் வருஷங்கள் சிலவே. ஏனைய வருஷங்களில் ஐப்பசி கார்த்திகையில் நிறைந்த ஜலம் மடை வழியாகப் பாய்ந்ததுபோக, மிச்சம் வெயிலில் ஆவியாகிவிடுகின்றது. அதில் கலந்திருந்த பொருள்களோ அடிச்சேற்றில் தங்கிவிடுகின்றன. கீழே கூறப்படும் விஷயம் முழுவதும் இவ்வியல்பைப் பற்றியே நிற்பதால், அதனை முதலிற் சொல்ல நேர்ந்தது.

சென்ற சில வருஷங்களாக உரக்கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் "நானோ" என்ற அடைமொழியோடு கூடிய சரக்குகள் வந்துகொண்டிருக்கின்றன. கோயமுத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2010-ஆம் வருஷத்திலேயே இத்துறை ஆராய்ச்சிக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்திற்று. 2021-இல் திரவ நானோ யூரியா விற்பனைக்கு வந்தது. 2023-இல் நானோ டி.ஏ.பி. தொடர்ந்தது, 2024-இல் நானோ துத்தநாகமும் நானோ செம்பும் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் ஏற்கப்பட்டன. இவற்றால் மகசூல் எவ்வளவு கூடும், செலவு எவ்வளவு குறையும் என்பது வேறு விசாரணை. இங்கே எடுத்துக்கொண்டது ஒன்றே: உலோகம் கலந்த இத்தகைய மருந்து வயலைவிட்டுக் கண்மாய்க்குள் இறங்குமாயின், அங்கே வாழும் சிப்பிக்கும் நத்தைக்கும் நேர்வது யாது?

நானோ என்பது என்ன?

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். 1 முதல் 100 நானோமீட்டர் வரை பருமனுள்ள துகளை நானோ துகள் என்பர். தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால் இதன் சிறுமை ஒருவாறு விளங்கும். துணியால் வடிகட்டினாலும் நிற்காது, கண்ணுக்கும் புலப்படாது.

இதன் வீரியமெல்லாம் மேற்பரப்பில் உள்ளது. ஒரு சென்டிமீட்டர் நீள அகல உயரமுள்ள செம்புக் கட்டி ஒன்றின் ஆறு பக்கங்களையும் அளந்தால் 6 சதுர சென்டிமீட்டர் ஆகும். அதே கட்டியை ஒரு நானோமீட்டர் அளவுள்ள சிறு கட்டிகளாக அறுத்துவிட்டால், அவற்றின் மேற்பரப்பு எல்லாம் சேர்ந்து 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் ஆகிவிடும். எடை கூடவில்லை, ஜலத்தோடும் உயிர்களின் உடலோடும் உராயும் பரப்பே இத்தனை மடங்கு கூடிற்று. குறைந்த மருந்து அதிக இலைப் பரப்பில் வேலை செய்வதற்கும், தீங்கு செய்யுமிடத்தில் அத்தீங்கு விரைவில் தோன்றுவதற்கும் காரணம் இதுவே.

எல்லா நானோ சரக்கும் ஒரு தன்மையன அல்ல. நானோ யூரியாவில் உலோகம் இல்லை. அதனை இக்கட்டுரை குறிக்கவில்லை. ஆயினும் யூரியா எவ்வகையினதாயினும், ஜலத்தில் விழுந்து சிதைந்தால் அம்மோனியா உண்டாகும். அதுவும் நன்னீர்ச் சிப்பிக்குப் பெரும்பகையே. அமெரிக்க தேசத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013-இல் ஆற்று ஜலத்தில் இருக்கத்தக்க அம்மோனியாவின் அளவை மறுபடி கணித்து இறுக்கியபோது, முக்கியமாகக் கருதியது நன்னீர்ச் சிப்பிகளும் நத்தைகளும் அதைத் தாங்கமாட்டாமையையே. ஆகவே உரச்சாக்கை ஊரணியில் அலசும் வழக்கம் பழைய உரத்திற்கும் ஆகாது, புதிய உரத்திற்கும் ஆகாது.

சிப்பி உண்ணும் முறை

கண்மாய்ச் சேற்றில் பாதி புதைந்து கிடக்கும் கரும்பழுப்பு நிறச் சிப்பியை அறியாத குடியானவர் இலர். நூல்களில் லாமெலிடென்ஸ் மார்ஜினாலிஸ் என்று வழங்கப்படும் இனம் இதுவே. புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் நன்னீர் முத்து விளைவிக்க இதனைப் பயன்படுத்துகின்றனர். நம்மவர்களோ இதனை வாத்துக்கும் கோழிக்கும் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

இப்பிராணி இரைதேடிப் போவதில்லை. பின்புறத்தில் உள்ள இரு துவாரங்களுள் ஒன்றினால் ஜலத்தை இழுத்து, செவுள்களின் வழியே செலுத்தி, மற்றொன்றினால் வெளிவிடுகின்றது. செவுள்களின் மீதுள்ள நுண்மயிர்கள் இடையறாது அசைந்து, பாசித் துணுக்குகளையும் நுண்கிருமிகளையும் கோழையில் ஒட்டவைத்து வாய்க்கு அனுப்புகின்றன. வேண்டாதவற்றைக் கோழை உருண்டைகளாக்கி வெளியே தள்ளிவிடும். நன்கு வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஜலத்தை இவ்வாறு வடிக்கும் என்று கொள்ளலாம். கண்மாயின் ஒரு மூலையில் ஆயிரம் சிப்பிகள் இருப்பின், கூலி கேளாமல், ஒரு நாளில் பன்னிரண்டாயிரம் லிட்டருக்குக் குறையாமல் கலங்கல் தெளிவிக்கும் வேலை நடைபெறுகின்றது.

இவ்வேலையே அதற்குக் கேடாகவும் முடிகின்றது. ஜலத்தில் மிதக்கும் நானோ துகள்கள் பாசியோடும் களிமண்ணோடும் ஒட்டிக்கொண்டு செவுளில் சிக்குகின்றன. மீன் வழியில் கண்ட விஷத்தை விலகிப் போகலாம். நத்தைக்கும் செவுளோடு நுரையீரல் போன்ற உறுப்பு இருப்பதால், கரையேறிக் காற்றைச் சுவாசிக்கலாம். சிப்பிக்குள்ள ஒரே காவல் தன் ஓட்டை மூடிக்கொள்வதுதான். மூடினால் மூச்சும் உணவும் நின்றுபோம். திறந்தால் விஷம் புகும்.

புகுந்த துகள் செய்வன பல. செவுளின் மெல்லிய தோல் தடித்துச் சிதைகிறது. நன்னீரில் வாழும் பிராணியின் இரத்தத்தில் வெளிநீரைவிட உப்பு அதிகமாகையால், அது நஷ்டமாகாதபடி செவுள்கள் சோடியத்தை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டிருத்தல் வேண்டும். துகளிலிருந்து கரைந்துவரும் செம்பும் வெள்ளியும் இவ்வுறிஞ்சலைத் தடுக்கின்றன. கரையாத துகள்களோ சீரணச் சுரப்பியின் அணுக்களுக்குள் உணவுபோல விழுங்கப்பட்டு, அங்குள்ள புளிப்பு நீரில் மெல்ல மெல்லக் கரைந்து, உள்ளிருந்தே விஷத்தை விடுகின்றன. விருந்தாளி வேஷத்தில் வந்தவன் நடு வீட்டில் தீ வைப்பது போன்றது இது. கரைந்த மயில்துத்தம் இவ்வாறு செய்வதில்லை. அது வந்தவுடன் தன் கொடுமையைக் காட்டிவிடும்.

பரீட்சைகளில் கண்டவை

கல்கத்தாப் பல்கலைக்கழக விலங்கியல் பகுதியினர், மேற்படி சிப்பியையே எடுத்து, செம்பு ஆக்ஸைடு நானோ துகள் கலந்த ஜலத்தில் வைத்துச் சோதித்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்டனர். சிப்பி ஜலத்தை வடிக்கும் வேகம், மூச்சுவிடும் வேகம், நோயை எதிர்க்கும் இரத்த அணுக்களின் நிலை ஆகிய மூன்றையும் அவர்கள் அளந்தார்கள். துகளினால் இவை நிலைகுலைவதைக் கண்டார்கள். வங்காளத்துக் குளத்தில் வாழும் சிப்பியும் நம் கண்மாயில் வாழும் சிப்பியும் ஓரினம் ஆகையால், இது நமக்கு அந்நியமான சங்கதியன்று.

ஜலத்தில் விட்ட துகள் எங்கே போகிறது என்பதை வேறு இரண்டு பரீட்சைகள் காட்டுகின்றன. தென் கரோலினாவில் உப்பங்கழியைப் போல் அமைத்த பெருந்தொட்டிகளில் பொன் நானோ துகளை இட்டு ஆராய்ந்து 2009-இல் எழுதியவர்கள், அடியிற் படியும் வழுவழுப்பான பாசிப் படலத்திலும் மட்டிகளிலும் அது மிகுதியாகச் சேர்ந்திருந்ததைக் கண்டனர். அத்தேசத்திலேயே டியூக் பல்கலைக்கழகத்தார் சதுப்பு நிலம் போன்ற தொட்டிகளில் வெள்ளித் துகளை இட்டு, பதினெட்டு மாதங்கள் சென்றபின் கணக்கெடுத்தபோது, இட்டதில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கு மண்ணிலும் சேற்றிலுமே இருந்தது என்று 2012-இல் தெரிவித்தனர். வெள்ளியின் பெரும்பகுதி கந்தகத்தோடு சேர்ந்து விஷம் தணிந்திருந்தது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

இன்னொன்றையும் நியாயமாகக் கூறவேண்டும். சோதனைச் சாலைகளில் இடப்படும் துகளின் அளவு, ஆற்றிலும் குளத்திலும் சாதாரணமாகக் காணத்தக்க அளவைவிடப் பெரும்பாலும் மிக அதிகம். எடைக்கு எடை வைத்துப் பார்த்தால், உடனே கொல்லும் சக்தியில் கரைந்த செம்பே பல பரீட்சைகளில் நானோ செம்பு ஆக்ஸைடைவிடக் கொடியதாயிருக்கிறது. ஆகவே நானோ என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சி ஓடுவது பேதைமை. துத்தநாகக் குறையுள்ள சுண்ணாம்பு நிலங்களும் உவர் நிலங்களும் இந்த ஜில்லாவில் உண்டு. அங்கே நெல்லுக்குத் துத்தநாகம் இன்றியமையாதது. பழுது மருந்தில் இல்லை. அதை எங்கே, எப்பொழுது கொட்டுகிறோம் என்பதிலேயே இருக்கின்றது.

கண்மாயின் ஒரு வருஷம்

துகளின் நடத்தை ஜலத்தின் குணத்தைப் பொறுத்தது. ஐப்பசி கார்த்திகையில் புதுவெள்ளம் நிறைந்திருக்கும்போது உப்பு குறைவு. அப்பொழுது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நெடுநேரம் மிதக்கும். இலை மக்கினால் உண்டாகும் பழுப்புச் சாயமும் துகளைப் போர்த்து மிதக்கச் செய்யும். மாசி பங்குனியில் ஜலம் குறுகக் குறுக உப்பும் சுண்ணாம்பும் செறிகின்றன. துகள்கள் திரண்டு கட்டியாகி அடியில் விழுகின்றன. பாக் கடலிலும் மன்னார் வளைகுடாவிலும் விழும் துகளுக்கு நேர்வதும் அதுவே. உப்பு நீரில் அது வெகுதூரம் செல்லாமல் முகத்துவாரத்தின் அருகிலேயே படியும். இராமேசுவரத்துக் கரையோரம் சங்கும் மட்டியும் எடுப்போருக்கு இது ஒருவகை ஆறுதலாயினும், ஆற்றங்கரை முகத்துவாரத்துச் சேற்றில் வாழும் மட்டிக்கு ஆறுதல் ஆகாது.

அடியில் விழுந்ததோடு கதை முடியவில்லை. கோடையில் சிப்பி சேற்றில் ஆழப் புதைகிறது. நத்தை தன் மூடியை அடைத்துக்கொண்டு அச்சேற்றினுள்ளேயே உறங்குகிறது. துகள் படிந்த இடமும் இவை ஒதுங்கும் இடமும் ஒன்றாகின்றன. காற்றுப் புகாத கருஞ்சேற்றில் செம்பும் துத்தநாகமும் கந்தகத்தோடு கட்டுண்டு அடங்கியிருக்கும். கண்மாய் வறண்டு சேறு வெடித்துக் காற்றுப்பட்டால், அக்கட்டு தளர்ந்து, அடுத்த மழையில் ஓரளவு மீண்டும் கரையத் தலைப்படும். வருஷந்தோறும் வற்றாத ஏரிகளில் நிகழாதது, வருஷந்தோறும் வற்றும் நம் கண்மாய்களில் நிகழக்கூடும்.

சிப்பியின் இளம் பருவமே யாவற்றினும் மென்மையானது. தாயிடமிருந்து வெளிப்படும் சிறு குஞ்சுகள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில நாட்கள் ஒட்டியிருந்து, பின்பு விழுந்து சேற்றில் வளர்கின்றன. பெரிய சிப்பி தாங்கும் செம்பை இவை தாங்கா. பெரியவை உயிரோடிருந்தும் சிறியவை ஒன்றும் அகப்படாத கண்மாய், வெளிக்கு நன்றாகத் தோன்றினும், பத்து வருஷத்தில் சிப்பியற்றதாகும். சிப்பியும் நத்தையும் போனால், அவற்றையே பெரும்பாலும் உண்டு வாழும் நத்தைகுத்தி நாரையும் வேறிடம் தேடும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய பறவைச் சரணாலயங்கள் 2022-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள நீர்நிலைகளாக அறிவிக்கப்பட்டன. அவ்விரண்டும் விவசாயத்தோடு ஒட்டிய கண்மாய்களே என்பதைச் சுற்றுக் கிராமத்தார் நினைவிற்கொள்ளுதல் நலம்.

அரை லிட்டர் மிச்சத்தின் கணக்கு

முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கங்களில் முண்டு மிளகாய்க்கு நுனிக்கருகலும் பழ அழுகலும் வந்தால், செம்பு ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு இரண்டரைக் கிராம் வீதம் கலந்து தெளிப்பது வழக்கம். இது நானோ மருந்து அன்று; பழைய சரக்கே. ஆயினும் கணக்கு விளங்குவதற்கு இதனையே எடுத்துக்கொள்ளலாம். அம்மருந்தில் பாதி செம்பு. ஆகவே ஒரு லிட்டர் கலவையில் ஒன்றேகால் கிராம் செம்பு உண்டு. மாலையில் வேலை முடிந்து, தெளிப்பானில் அரை லிட்டர் மிச்சத்தோடு ஊரணிப் படியில் இறங்கி அலசினால், அரைக் கிராமுக்கு மேற்பட்ட செம்பு ஜலத்தில் இறங்குகிறது. இளஞ்சிப்பிகளுக்குச் சோதனைகளில் தீங்கு கண்ட அளவு, லிட்டருக்கு ஒரு கிராமில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நீர்த்துப்போவதற்கு அந்த அரை லிட்டருக்கு முப்பதாயிரம் லிட்டர் ஜலம் வேண்டும். முப்பதடி நீளமும் இருபதடி அகலமும் ஒன்றேமுக்கால் அடி ஆழமும் உள்ள ஒரு குட்டை முழுவதும் என்று அறிக. கலங்கலான ஜலத்திலும் சுண்ணாம்பு மிகுந்த ஜலத்திலும் செம்பின் உக்கிரம் தணியும் என்பது உண்மை. ஆனால் மாசி மாதத்து ஊரணியில் அலசுவோர் ஒருவர் அல்லர், ஒரு நாளும் அன்று.

நானோ செம்பு மருந்தில் உலோக அளவு இதனிலும் குறைவாக இருக்கலாம். அதனால் அலட்சியம் பிறப்பதே அபாயம். "துளி மருந்துதானே" என்று புட்டியைப் படித்துறையில் கழுவும் பழக்கம் அச்சிறு அளவினாலேயே வளர்கிறது.

ஆகையால் செய்யவேண்டுவன கடினமானவை அல்ல. மருந்து வாங்குமுன் புட்டியின் சீட்டில் எந்த உலோகம், எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நானோ என்று மட்டும் அச்சிட்டு உலோகத்தின் பெயரைக் கூறாத சரக்கை வாங்கலாகாது. மண் பரிசோதனையில் துத்தநாகமும் செம்பும் போதிய அளவு காணப்பட்டால், அவற்றை மேலும் தெளிப்பது பணத்தையும் கண்மாயையும் ஒருங்கே கெடுப்பதாகும். பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலும், இராமநாதபுரத்திலுள்ள கடலோர உவர் ஆராய்ச்சி மையத்திலும் இவ்விஷயங்களைக் கேட்டறியலாம். காலியான புட்டியை மூன்று முறை அலசி, அந்த அலசல் நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிடுதல் நலம். மிச்சக் கலவையை நீர்விட்டு விளாவி அதே வயலின் பயிர்மீது தெளிக்கவேண்டும். தெளிப்பானைக் கழுவும் இடம், வரத்துக்காலுக்கும் மடைக்கும் கிணற்றுக்கும் விலகிய மேட்டு நிலமாயிருத்தல் வேண்டும். ஆளில்லாச் சிறுவிமானத்தால் தெளிப்பிப்போர், காற்றடிக்கும் வேளையையும் கரையோரத்துப் பாத்திகளையும் தவிர்க்கவேண்டும். அப்பாத்திகளுக்குக் கைத்தெளிப்பானே தகும்.

கிராம அதிகாரிகளும் நீர்பாய்ச்சியும் கவனிக்கத்தக்க அடையாளங்கள் சில உண்டு. நல்ல சிப்பியைத் தொட்டால் சட்டென்று மூடிக்கொள்ளும். தொட்டும் மூடாமல் வாய் பிளந்து, உள்ளே சதை அழுகாமலிருக்கும் சிப்பிகள் ஒரே சமயத்தில் பல கிடந்தால் ஐயுறவேண்டும். கோடையில் காற்றுக் குறைவால் நேரும் சாவு கண்மாய் முழுவதும் பரவியிருக்கும். விடியற்காலையில் மீன்களும் மேலே வந்து வாய் திறக்கும். படித்துறை ஒன்றின் அருகிலோ ஒரு வரத்துக்கால் வாயிலிலோ மட்டும் சிப்பி செத்து, நத்தைகள் கூட்டமாகக் கரையேறி, மீன்கள் தூரத்தில் சுகமாயிருந்தால், அது கழுவிவிட்ட மருந்தின் குற்றமாக இருக்கக்கூடும். அப்பொழுது சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் அவ்விடத்து ஜலத்தையும், மற்றொன்றில் எதிர்க்கரை ஜலத்தையும் எடுத்து, தேதியும் இடமும் குறித்து, தாமதமின்றி வேளாண்மை அலுவலகத்திலோ மீன்வள அலுவலகத்திலோ சேர்ப்பித்தல் வேண்டும். அவ்விடத்துச் சிப்பியையும் நத்தையையும் வாத்துக்குப் போடலாகாது, மனிதரும் உண்ணலாகாது.

கரம்பை எடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். வட்டாட்சியரிடம் அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டலை வயலுக்கு அடிப்பது இந்நாட்டின் பழைய நல்வழக்கம், அதை நிறுத்தவேண்டியதில்லை. மருந்துப் பாத்திரம் கழுவும் துறையை ஒட்டிய சேற்றை மட்டும் விலக்கி, உட்கண்மாயில் வெட்டியெடுத்தல் வேண்டும். வெட்டும்போது உயிருள்ள சிப்பிகள் அகப்பட்டால், அவற்றை வண்டியில் ஏற்றாமல், மடையடியில் ஜலம் கடைசியாக வற்றும் பள்ளத்தில் விட்டுவிடலாம். இதற்கு ஆள் ஒருவருக்குக் கால்மணி நேரமும் ஆகாது.